மடியில் மறைந்த இரும்பு: பேராக் தோட்டப்புறமும் அவசரகாலச் சுடுகருவிச் சட்டமும்

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காலை எட்டரை மணியளவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரை அடுத்திருந்த எல்பில் தோட்டத்து அலுவலகத்திற்கு மூன்று சீன ஆடவர்கள் மிதிவண்டியில் வந்தனர். தோட்ட மேலாளர் ஆர்தர் வாக்கரை அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றபின், வந்த மிதிவண்டிகளிலேயே திரும்பிச் சென்றனர். ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்து, சில மைல் தொலைவிலிருந்த மற்றொரு தோட்டத்தில் மேலாளர் ஜான் அலிசனும், சின்னத்துரையாக இருந்த இயன் கிறிஸ்டியன் என்னும் இளைஞரும் கட்டிவைத்துச் சுடப்பட்டனர். அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும், இரண்டு நாள்களில் மலாயாக் கூட்டரசு முழுவதிலும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. அது 1960 ஜூலை 31ஆம் நாள் வரை நீடித்தது.

இந்நிகழ்வு மலேசிய வரலாற்று நூல்களில் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. கொலைகளுக்கு ஆணையிட்டவர் யார் என்னும் விவாதமும் பழையதே. சித்தியவானில் பிறந்தவரும் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமைச் செயலாளருமான சின் பெங், 2003இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், மத்தியக் குழு இக்கொலைகளைத் திட்டமிடவில்லை என்று எழுதியுள்ளார். அவ்விவாதத்தை இக்கட்டுரை தொடரவில்லை. மிதிவண்டியில் பட்டப்பகலில் தோட்டத்துச் சாலை வழியே வந்தவர்களை எவரும் தடுத்து நிறுத்தவில்லை என்பதையே இக்கட்டுரை தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறது. நீண்ட துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவ்வாறு வந்திருக்க இயலாது. சட்டைக்குள்ளோ இடுப்பிலோ அடங்கும் சிறு கருவியே அத்தகைய வருகைக்கு ஏற்றது. மறைத்து எடுத்துச் செல்லத்தக்க கைத்துப்பாக்கியை அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் யார் ஏந்தலாம், யார் ஏந்தினால் தூக்குமேடை என்பதைச் சட்டம் எவ்வாறு பிரித்தது என்பதும், அப்பிரிவினையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளி எங்கே நின்றான் என்பதும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

துரையின் தெரிவு

கொலைகளுக்கு மறுநாள் சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழ், ஆளுங்கள் அல்லது வெளியேறுங்கள் என்னும் பொருள்படத் தலையங்கம் தீட்டியது. தோட்டக்காரர்கள் கேட்டது ஆயுதம். அது விரைவிலேயே கிடைத்தது. துரைமார் பங்களாக்களைச் சுற்றி மணல்மூட்டைகள் அடுக்கப்பட்டன; மகிழுந்துகளுக்கு இரும்புத் தகடு பொருத்தப்பட்டது; பெரும்பாலும் மலாய் இளைஞர்களைக் கொண்ட சிறப்புக் காவலர் படை தோட்டந்தோறும் நிறுத்தப்பட்டது. ஸ்டென் துப்பாக்கி துரையின் காரில் பயணம் செய்தது. ஆயினும் காட்டோரமாகப் பால்மர வரிசைகளுக்குள் நடக்கும்போதும், சம்பளப் பணத்தை நகரத்து வங்கியிலிருந்து கொண்டுவரும்போதும், இரவில் தலையணைக்கு அடியிலும் அவரோடு எப்போதும் இருக்கக்கூடியது கைத்துப்பாக்கி ஒன்றே.

எந்தக் கைத்துப்பாக்கி என்பது அவருக்கு ஒரு தெரிவாக இருந்தது. முதல் உலகப்போர்க் கால வெப்லி சுழல்துப்பாக்கி 0.455 அங்குலக் குண்டும் ஆறு அங்குலக் குழலும் கொண்டது. ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட எடை. அப்போருக்குப் பின் பிரிட்டிஷ் இராணுவம் 0.38 அங்குலக் குண்டுக்கு மாறி, என்பீல்டு தொழிற்சாலையில் ஐந்து அங்குலக் குழலும் முக்கால் கிலோ எடையும் உள்ள சுழல்துப்பாக்கியைச் செய்வித்தது. அதன் பிற்கால வடிவத்தில் சுத்தியலின் நீட்டுமுனை வெட்டி நீக்கப்பட்டது. கவச வண்டிக்குள் இருப்போர் கருவியை உருவும்போது அம்முனை எதிலேனும் மாட்டிக்கொள்ளும் என்பதே காரணம். மறைத்து வைப்போருக்கும் இதே இடர்ப்பாடுதான். அமெரிக்காவில் கோல்ட் நிறுவனத்தைச் சார்ந்த ஜான் ஹென்றி பிட்ஸ்ஜெரால்டு என்பவர் 1920களில் பெரிய சுழல்துப்பாக்கிகளின் குழலை இரண்டு அங்குலமாகக் குறைத்தார்; சுத்தியல் முனையை மழித்தார்; பிடியின் விளிம்பை உருட்டினார்; விசையைக் காக்கும் வளையத்தின் முன்பாதியையும் அறுத்தெறிந்தார். விரல் விரைவாக விசையை அடைவதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கடைசி மாற்றம், சட்டைப்பைக்குள்ளேயே வெடித்துவிடும் ஆபத்தையும் உடன் கொணர்ந்தது. 1927இல் அதே நிறுவனம் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்னும் பெயரில் இரண்டு அங்குலக் குழலும் ஆறு தோட்டாக்களும் கொண்ட கருவியை விற்பனைக்கு விட்டபோது வளையத்தை முழுமையாகவே வைத்துக்கொண்டது.

ஐரோப்பியப் பட்டறைகள் மறுபுறம் தட்டையான தானியங்கிக் கைத்துப்பாக்கிகளை நோக்கிச் சென்றன. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1903ஆம் ஆண்டுக் கோல்ட், பெல்ஜியத்தின் 1910ஆம் ஆண்டு எப்.என்., ஜெர்மனியின் 1931ஆம் ஆண்டு வால்தர் பி.பி.கே. ஆகியவை இவ்வகையின. சுழல்துப்பாக்கியின் உருளை உடலோடு ஒட்டாமல் புடைத்து நிற்கும், தானியங்கி அவ்வாறன்று. எனினும் ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால் சுழல்துப்பாக்கியில் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த தோட்டா முன்னே வந்துவிடும். தானியங்கியிலோ இரு கைகளும் வேண்டும். வியர்வையும் மழை ஈரமும் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும் மலாயாவில், தோலுறை நீரை உறிஞ்சிக்கொண்டு கருவியை இரவு முழுவதும் நனைத்து வைக்கும் நாட்டில், இவ்வேறுபாடு சிறிதன்று. ஆகவே உள்ளூர்த் தேவைக்கேற்பச் சில மாற்றங்களும் செய்யப்பட்டன. சிங்கப்பூர்க் காவல்துறைக்காக 1930களிலிருந்து வருவிக்கப்பட்ட வெப்லி சுழல்துப்பாக்கிகளில் பாதுகாப்புத் தாழ் ஒன்று தனியே பொருத்தப்பட்டிருந்தது. சுழல்துப்பாக்கியில் அத்தகைய தாழ் மிக அரிது.

துரைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அரைக்கால் சட்டையும் மெல்லிய காக்கி மேற்சட்டையும் அணிந்தவர் எதை, எங்கே மறைப்பது? தோட்டத்தில் இடுப்புறையில் வெளிப்படையாக அணிந்தால் அச்சுறுத்தலாக இருக்கும். ஆனால் ஆயுதம் பறிப்பதே காட்டுக்குள் இருந்தோரின் முதல் தேவையாகையால் அதுவே அவரை இலக்காக்கவும் கூடும். இலண்டனில் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் மலாயாத் தோட்டக்காரர்களின் நினைவு நூல்களை வரிசையாகப் படிக்க நேர்ந்தது. நாய், மனைவி, துப்பாக்கி என்னும் மூன்றைப் பற்றியும் அவர்கள் அன்போடு எழுதுவார்கள். அவற்றுள் துப்பாக்கியைப் பற்றிய விவரணையே பல வேளைகளில் நுட்பமானது. இது நகைப்புக்காகச் சொல்வதன்று. ஒரு கருவியின் பெயர், அளவு, எடை, குறை ஆகியவற்றைப் பேசும் உரிமை, அதனைச் சட்டப்படி வைத்திருப்பவருக்கே வாய்க்கிறது.

பெயரில்லாத சுடுகருவி

மறுபக்கத்தில் இத்தகைய விவரணை எதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டு அவசரகால ஒழுங்குவிதிகளின் நான்காம் விதி, சட்டப்படியான அதிகாரமின்றிச் சுடுகருவியை ஏந்துவதையும், தோட்டாவை வைத்திருப்பதையும் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது. கருவி புதியதா பழையதா, குழல் இரண்டு அங்குலமா ஆறு அங்குலமா என்பன சட்டத்தின் கேள்விகள் அல்ல. எவரையும் சுட்டதாக நிறுவ வேண்டியதுமில்லை. ஆயுதம் தாங்கியவருடன் சேர்ந்து காணப்படுவதும் பெருங்குற்றமாயிற்று. அவசரகாலத்தில் தூக்கிலிடப்பட்டோர் 226 பேர் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. இதே வகைச் சட்டம் சில ஆண்டுகளில் கென்யாவுக்கும் சென்றது. மௌ மௌ கிளர்ச்சியின்போது அங்கே தூக்கிலிடப்பட்டவர்கள் 1,090 பேர்.

இச்சட்டம் தமிழ்த் தொழிலாளியை ஏன் தொட்டது என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1945இல் பிரிட்டனின் 136ஆம் படைப்பிரிவு, ஜப்பானியர்களை எதிர்த்துக் காட்டில் போரிட்ட மலாயா மக்கள் படைக்கு வான்வழி ஆயுதங்களை இறக்கியது. அப்படை அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் கலைக்கப்பட்டபோது ஆயுதத்தை ஒப்படைத்தோருக்குத் தலைக்கு 350 வெள்ளி வழங்கப்பட்டது. ஒப்படைக்கப்படாதவை காட்டில் புதைந்திருந்தன. மறுபுறம், 1943 முதல் 1945 வரை தோட்டத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றிருந்தனர். பெண்களும் விலக்கல்லர். ஈப்போவில் 1927இல் பிறந்த ராசம்மா பூபாலன் இளம் பருவத்திலேயே ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். பால்வெட்டும் உளியைத் தவிர வேறு இரும்பைத் தொட்டறியாதவர்கள் என்று துரைமார் எண்ணியிருந்த சமூகம், மூன்றே ஆண்டுகளில் வேறொன்றாகிவிட்டிருந்தது. போருக்குப் பிந்திய தொழிற்சங்க எழுச்சியில் தமிழர்கள் முன்னணியில் நின்றதற்கு அப்பயிற்சி தந்த நிமிர்வும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

அவ்வெழுச்சியின் முதன்மைப் பெயர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்த இவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தார். 1948 ஜூனில், சுங்கை சிப்புட் கொலைகளுக்குச் சில நாள்களுக்கு முன்பே, அச்சம்மேளனம் சட்டபூர்வ வாழ்வை இழந்திருந்தது. கணபதி 1949 மார்ச் மாதத் தொடக்கத்தில் சிலாங்கூரின் ரவாங் வட்டாரத்தில் ஒரு சுழல்துப்பாக்கியுடனும் தோட்டாக்களுடனும் பிடிபட்டார். அதனைக் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாக அவர் தரப்பில் கூறப்பட்டது. அந்த மாதமே மரணதண்டனை விதிக்கப்பட்டது. மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக அப்போது இருந்தவர், மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவராக விளங்கிய ஜான் திவி. இந்திய அரசின் கருணை வேண்டுகோள் பயனளிக்கவில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழரான மற்றொரு தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கைதிலிருந்து தூக்குமேடை வரை இரண்டு மாதங்களே. அவர் எவரையேனும் சுட்டார் என்பது வழக்கன்று; வைத்திருந்தார் என்பதே வழக்கு. எல்பில் தோட்டத்தை அடுத்த ஏதோவொரு பங்களாவில் அதே அளவிலான சுழல்துப்பாக்கி அன்றிரவும் தலையணைக்கு அடியில் இருந்திருக்கும்.

இரண்டாம் வழக்கு சம்பசிவம் என்பவருடையது. இதுவும் ஒரு தமிழ்த் தொழிற்சங்கவாதியின் வழக்கு. மலாயாவுக்கு வெளியே இன்று அதிகமாக அறியப்பட்டிருப்பதும் இதுவே. 1948 செப்டம்பரில் ஜொகூரில் நிகழ்ந்த ஒரு கைகலப்பில் கடுங்காயமுற்றுப் பிடிபட்ட இவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: சுடுகருவி ஏந்தியது ஒன்று, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. அக்காலத்தில் நீதிபதியுடன் அசெசர்கள் இருவர் அமர்ந்து கருத்துரைப்பர். அவர்கள் கருத்து நீதிபதியைக் கட்டாது. ஆயினும் இருவருடனும் அவர் முரண்பட்டால் புது விசாரணைக்கு ஆணையிட வேண்டும். சம்பசிவத்தைக் குற்றமற்றவர் என்றனர் அசெசர்கள். தோட்டாக்களைப் பொறுத்தவரை நீதிபதி அதனை ஏற்று விடுவித்தார். சுடுகருவியைப் பொறுத்தவரை ஏற்காமல் மறுவிசாரணைக்கு அனுப்பினார். மறுவிசாரணையில், துப்பாக்கி, தோட்டா இரண்டையும் ஒப்புக்கொண்டதாக அமைந்த அவருடைய வாக்குமூலம் முன்வைக்கப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. தோட்டா வைத்திருந்தார் என்பதிலிருந்து முறையாக விடுவிக்கப்பட்டபின், அதே வாக்குமூலத்தின் அப்பகுதியும் உண்மை என்பதுபோல் வழக்கு நடத்த அரசுத் தரப்புக்கு உரிமையில்லை. விடுதலைத் தீர்ப்பு இரு தரப்பையும் பிந்திய நடவடிக்கைகளிலும் கட்டுப்படுத்தும் என்பது மக்டெர்மாட் பிரபு எழுதிய தீர்ப்பின் சாரம். பொதுச்சட்ட நாடுகளின் நீதிமன்றங்கள் இதனை முன்னுதாரணமாகத் தொடர்ந்து மேற்கோள் காட்டி வந்துள்ளன. சட்டக் கல்லூரிகளில் இப்பெயரைப் படிப்போர், அது ஜொகூரின் ஒரு தமிழ்த் தொழிற்சங்கவாதியின் பெயர் என்பதை அறிந்திருப்பார்களா என்பது ஐயமே.

ஈப்போ நீதிமன்றத்தில்

பேராக்கின் தலைநகரிலேயே நடந்த வழக்கு 1952இல் வந்தது. லீ மெங் என்னும் இளம்பெண், கம்யூனிஸ்டுக் கட்சியின் தூதர் அமைப்பில் பணியாற்றியவர் எனக் கைதுசெய்யப்பட்டு, கைக்குண்டு ஏந்திய குற்றத்திற்காக ஈப்போ உயர்நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கைத்துப்பாக்கியன்று எனினும், உடையினுள் மறையும் ஆயுதம் என்ற அளவில் சட்டம் ஒன்றே. முதல் விசாரணையில் அசெசர்கள் இருவரும் குற்றமற்றவர் என்றனர், நீதிபதி உடன்படவில்லை. இரண்டாம் விசாரணையில் அசெசர்கள் கருத்து பிளவுபட்டது; நீதிபதி குற்றவாளி என்ற பக்கம் சேர்ந்தார். சம்பசிவம் வழக்கின் அச்சு மாறாத நடைமுறை இது. அப்பெண்ணுக்காக வாதாடியவர் ஈப்போவின் எஸ். பி. சீனிவாசகம். இலங்கைத் தமிழ் மரபினரான இவரும் இளவல் டி. ஆர். சீனிவாசகமும் 1953இல் பேராக் முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்து, பிற்காலத்தில் ஈப்போ நகரத்து அரசியலையே தம் கைக்குள் வைத்திருந்தனர். பிரிவி கவுன்சில் இம்முறை தலையிடவில்லை. ஹங்கேரி அரசு தன் சிறையிலிருந்த எட்கர் சாண்டர்ஸ் என்னும் பிரிட்டிஷ் வணிகரை இவருக்கு மாற்றாகத் தர முன்வந்ததால், ஈப்போ வழக்கு ஐரோப்பிய நாளேடுகளின் முதற்பக்கத்தை எட்டியது. பிரிட்டன் அம்மாற்றத்தை மறுத்தது. 1953 மார்ச்சில் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். பின்னாளில் லீ மெங் சீனாவுக்கு அனுப்பப்பட்டார்.

கணபதிக்குக் கிடைக்காத கருணை லீ மெங்குக்குக் கிடைத்ததற்கு அவர் பெண் என்பதும், 1949க்கும் 1953க்கும் இடையே பிரிட்டனின் அச்சம் தணிந்திருந்ததும் காரணங்களாகலாம். கணபதியின் மரணம் தில்லியில் ஏற்படுத்திய கசப்பும் அதிகாரிகள் மனத்தில் தங்கியிருக்கவே வேண்டும். எவ்வாறாயினும் ஈப்போவின் தமிழ் வழக்கறிஞர் ஒருவர் ஒரு சீனப் பெண்ணுக்காக இலண்டன் வரை நடத்திய வழக்காடல், தோட்டத் தமிழரின் தலைவருக்கு வாய்த்த வேகமான முடிவோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

யாரை நம்பி ஆயுதம் தருவது

ஆயுதம் ஏந்துவது குற்றமா கடமையா என்பது ஆளுக்கு ஆள் மாறியது என்பதற்குக் கிந்தா பள்ளத்தாக்கு மற்றுமொரு சான்று. 1949 ஏப்ரல் 10ஆம் நாள் ஈப்போவில் மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லோக் மீது கைக்குண்டு வீசப்பட்டு அவர் காயமடைந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், ஈயச் சுரங்கங்களைக் காக்கச் சீனர்களைக் கொண்ட கிந்தா பள்ளத்தாக்கு ஊர்க்காவல் படை அமைக்கப்பட்டு, அதற்கு ஆயுதம் வழங்கப்பட்டது. சுரங்க முதலாளிகளின் பணமும் அதில் இருந்தது. எந்த இனத்தை அரசு ஐயுற்றதோ அவ்வினத்தின் ஒரு பகுதியை, செல்வமும் செல்வாக்கும் உள்ள தலைவர்களின் பொறுப்பில், அது நம்பத் துணிந்தது. தோட்டத் தமிழருக்கு அத்தகைய இடைநிலைத் தலைவர்கள் அப்போது இல்லை. இருந்த சங்கத் தலைவர்களுள் இருவரின் கதியை மேலே கண்டோம். தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானது 1954இல்தான்.

எனவே தோட்டத் தமிழரின் மடியில் அரசு தேடியது வேறு பொருளாயிற்று. 1950க்குப் பின் பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரத்தில் குடியிருந்த சீனர்கள் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டனர். தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டுக் கம்பிவேலி சூழப்பட்டன. காட்டிலிருந்தோருக்கு உணவு செல்லாமல் தடுப்பதே நோக்கம். உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் பால்வெட்டுக்குச் செல்வோர் மதிய உணவைக்கூடக் கொண்டுபோக இயலாது. அதிகாலையில் வேலி வாயிலில் ஆண்களையும் பெண்களையும் நிறுத்திச் சோதித்தனர். மிதிவண்டிக் குழாய்க்குள்ளும், பால் வாளியின் இரட்டை அடிப்பாகத்திலும் அரிசி கடத்தப்பட்டதால் அவையும் தட்டிப் பார்க்கப்பட்டன. சுங்கை சிப்புட் வட்டாரத்து முதியோரிடம் அவசரகாலம் பற்றிக் கேட்டால், துப்பாக்கியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வாயிலில் நின்ற வரிசையைப் பற்றியும், மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னதைப் பற்றியுமே பேசுகிறார்கள். பெரட்டுக்களத்திற்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் ஏசு கிடைக்கும். வாயில் சோதனை முடிவதோ எளிதன்று. கையிலிருந்த கருவி சோற்றுக்கானதா சுடுவதற்கானதா என்பதைவிட, மறைத்தல் என்னும் செயலே அங்கு ஐயத்திற்குரியதாயிற்று.

அவசரகாலம் முடிந்தபின்

1960இல் அவசரகாலம் நீங்கியது. ஆனால் நான்காம் விதியின் உள்ளடக்கம் அதனோடு மறையவில்லை. அதே ஆண்டு இயற்றப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமமின்றிச் சுடுகருவி வைத்திருப்போருக்கு மரணதண்டனையைக் கட்டாயமாக்கியது. ஆயுதச் சட்டமும் 1960க்கு உரியதே. உரிமம் வழங்கும் அதிகாரத்தை அது மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் வைத்தது. 1971ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் (கூடுதல் தண்டனைகள்) சட்டம் மேலும் கடுமை சேர்த்தது. பினாங்கில் ஒரு சுழல்துப்பாக்கியும் ஐந்து தோட்டாக்களும் வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட தே செங் போவின் வழக்கில், 1969ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின்கீழ்ப் பின்னர் பிறப்பிக்கப்பட்ட விசாரணை விதிகள் செல்லாதவை எனப் பிரிவி கவுன்சில் 1978 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் அவ்விதிகளுக்கு அடுத்த ஆண்டே புத்துயிர் தந்தது.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. மரணதண்டனையின் கட்டாயத் தன்மையை நீக்கும் சட்டம் 2023 ஜூலை 4ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, நீதிபதிக்குத் தெரிவுரிமையைத் தந்தது. எல்பில் என்னும் பெயர் சுங்கை சிப்புட்டில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் வழங்குகிறது.